அம்பு எய்தவளின் முகம்

ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில், டுசல்டோர்ஃபின் பழைய நகரப் பகுதியை ஒட்டி நிற்கும் கலை அகாதெமி 1773ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது; இன்று அது இயங்கும் நீண்ட கட்டடம் 1879இல் திறக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ‘டுசல்டோர்ஃப் ஓவியப் பள்ளி’ என்ற பெயரில் ஐரோப்பாவைத் தாண்டி அமெரிக்கா வரைக்கும் அறியப்பட்டிருந்த அந்த நிறுவனத்தில் மாணவராகச் சேரப் பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அனுமதி இல்லை. ஆடையற்ற மனித உடலை நேரில் பார்த்து வரைவதே அன்றைய அகாதெமிக் கல்வியின் அடித்தளமாக இருந்ததால், அந்த வகுப்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது முறையல்ல என்பது அவர்களை விலக்கி வைக்கச் சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. ஓவியம் கற்க விரும்பிய பெண்கள் அங்கிருந்த ஆசிரியர்களிடம் கட்டணம் கொடுத்துத் தனியாகப் பயின்றார்கள். 1911இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின், ஆணுக்கும் பெண்ணுக்கும் அடிப்படையில் ஒரே குடியுரிமைகளும் கடமைகளும் உண்டென்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு அறிவித்த பிறகே ஜெர்மனியின் பெரும்பாலான கலை அகாதெமிகள் அவர்களை ஏற்றுக்கொண்டன.

பெண் உருவம் மட்டும் அந்த ஓவியங்களில் எப்போதும் நிறைந்தே இருந்தது. குழந்தையை ஏந்திய மரியாளாகவும், ரைன் ஆற்றுப் பாறைமேல் அமர்ந்து படகோட்டிகளை மயக்கும் லோரலையாகவும், நீதியாகவும் தாய்நாடாகவும் பெண்ணை வரைந்த கைகள் ஆண்களின் கைகள். எந்த உடலைக் காரணம் காட்டிப் பெண்களை வாசலில் நிறுத்தினார்களோ, அதே உடலைத் தங்கள் கலையின் கருவியாகவும் களமாகவும் எடுத்துக்கொண்ட சில பெண்கள் 1960களில் இந்த அகாதெமியிலிருந்தே புறப்பட்டார்கள் என்பதுதான் டுசல்டோர்ஃபின் கலை வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம்.

தன் உடலைக் கலையில் பயன்படுத்துவது என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைவது முதலாவது. இதைத் தற்படம் என்கிறோம். இந்த வகையில் ஜெர்மன் ஓவியர் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் 1906இல் பாரிசில் தன் திருமண நாளன்று வரைந்த ஓவியம் ஒரு திருப்புமுனை. இடுப்புக்கு மேல் ஆடையின்றி, வயிற்றின்மீது கைகளை அணைத்து வைத்து, கருவுற்றவர்போல் அவர் தன்னை வரைந்திருக்கிறார். ஆனால் அப்போது அவர் கருவுற்றிருக்கவில்லை. ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் ஒரு பெண் தன்னையே ஆடையின்றித் தீட்டிக்கொண்ட முதல் படங்களுள் ஒன்று, நடந்ததைக் காட்டும் படமாக இல்லாமல் எண்ணிப் பார்த்த ஓர் உடலின் படமாக இருப்பது கவனத்துக்குரியது. மறு ஆண்டு நவம்பரில், மகளைப் பெற்றெடுத்த சில வாரங்களில், 31ஆம் வயதில் அவர் இறந்துபோனார்.

இரண்டாவது பொருள், உடலை வரையாமல் உடலையே பொருளாக்குவது. களிமண்ணும் வண்ணமும் இருந்த இடத்தில் கலைஞரின் சொந்த உடல் வந்து நிற்கும். ஒரு செயல் நிகழும். அது முடிந்ததும் கலைப்படைப்பும் முடிந்துவிடும். எஞ்சுவது புகைப்படமோ வீடியோவோ மட்டுமே. நிகழ்த்துகலை என்று இன்று அழைக்கப்படும் இந்த வகைக்கு டுசல்டோர்ஃப் ஒரு தொடக்கக் களம். 1963 பிப்ரவரி 2, 3 தேதிகளில் அகாதெமியிலேயே ஃப்ளக்ஸஸ் இயக்கத்தின் விழா நடந்தது. இசை, நாடகம், அன்றாடச் செயல் என்ற எல்லைகளை அழித்துக் காட்டிய கலைஞர்களின் கூட்டம் அது. அகாதெமியில் 1961 முதல் சிற்பம் கற்பித்துவந்த ஜோசஃப் பாய்ஸ், 1965 நவம்பரில் இந்நகரின் ஷ்மேலா கலைக்கூடத்தில் தலை முழுக்கத் தேனும் பொன் தகடும் பூசிக்கொண்டு, கையில் ஏந்திய இறந்த முயலுக்குப் படங்களை விளக்கினார். பார்வையாளர்கள் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

ஆண் கலைஞர் ஒருவர் தன் உடலை இவ்வாறு முன்வைக்கும்போது, மக்கள் அவரை ஒரு பூசாரியாகவோ புரட்சிக்காரராகவோ சிந்தனையாளராகவோ பார்த்தார்கள். பெண் ஒருவர் அதையே செய்யும்போது முதலில் கண்ணில் பட்டது பெண் உடல். அதன்மீது மரியாளும் வீனஸும் மனைவியும் தாயும் விளம்பரப் பலகையின் அழகியும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தார்கள். அன்றைய மேற்கு ஜெர்மனியின் சட்டமும் அந்த எழுத்தில் சேர்ந்தது: திருமணமான பெண், மனைவி, தாய் என்ற கடமைகளுக்கு இடையூறு இல்லாத அளவுக்கே வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை குடியியல் சட்டத்தில் இருந்தது. 1971 ஜூனில் ‘ஷ்டெர்ன்’ இதழில் 374 பெண்கள் தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டதாகப் பெயருடன் அறிவித்தார்கள். அது தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. உடல் யாருடையது என்ற கேள்வி தெருவிலும் நீதிமன்றத்திலும் சமையலறையிலும் எழுந்துவிட்ட அந்த ஆண்டுகளில்தான் உல்ரிகே ரோசன்பாக் தன் முதல் வீடியோக்களை எடுத்தார்.

1943இல் பிறந்த ரோசன்பாக், 1964 முதல் 1970 வரை டுசல்டோர்ஃப் அகாதெமியில் சிற்பம் பயின்று, பாய்ஸின் தேர்ந்த மாணவியரில் ஒருவரானார். அவருடைய தொடக்ககாலப் படைப்புகளில் திருமணமான பெண்ணுக்கான தலைமூடிகள் உண்டு. இவை அணிவதற்காகச் செய்யப்பட்ட சிற்பங்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளில் திருமணமான பெண் தலைமுடியை மூடிக்கொள்வது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஜெர்மன் மொழியில் ஒரு பெண்ணுக்கு மணமாகிவிட்டது என்பதைத் தலைமூடிக்குள் வந்துவிட்டாள் என்று குறிக்கும் வழக்கும் உண்டு. தாலியும் மெட்டியும் ஓர் உடலை யாருடையது என்று சொல்லிவிடும் சமூகத்தில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தத் தலைமூடியின் எடையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சிற்பத்தைவிட அவருக்கு ஏற்ற கருவியாக அமைந்தது வீடியோ. தோளில் சுமந்து செல்லத்தக்க வீடியோ கருவி 1960களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. திரைப்படச் சுருளை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்கும் வரை எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது. வீடியோவிலோ கேமராவைத் தன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அருகிலிருக்கும் திரையில் தன்னை அந்தக் கணத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் தேவையில்லை. பார்ப்பவளும் பார்க்கப்படுபவளும் ஒருத்தியே. ஓவியத்திலும் சினிமாவிலும் மரபாக வகுத்து வைத்திருந்த ஆண் கண்ணின் இடம் இந்தக் கருவியில் காலியாக இருந்தது. கெர்ரி ஷூம் 1971இல் டுசல்டோர்ஃபில் வீடியோ கலைக்கென்றே ஒரு கலைக்கூடம் திறந்திருந்தார் என்பதால், இந்தப் புதுக் கருவி அந்நகரத்துக்கு அந்நியமானதும் அல்ல.

1972ஆம் ஆண்டின் ‘ஜூலியாவுடன் சுற்றிக்கொள்ளல்’ என்ற வீடியோவில், ரோசன்பாக் தன் சிறு மகளை மடியில் வைத்துக்கொண்டு, காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியால் இருவரையும் சேர்த்துச் சுற்றுகிறார். துணி ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு உடல்கள் படிப்படியாக ஒரே பொதியாகின்றன. முதலில் அது தூளிபோல, தாய்மையின் கதகதப்பாகத் தோன்றுகிறது. துணி இறுக இறுக, தாயும் மகளும் இனிப் பிரிந்து அசைய முடியாது என்பது தெரியவருகிறது. காயத்தை ஆற்றும் துணியே கட்டாகவும் ஆகிறது. தாய்மை இனிமையா சிறையா என்று ஒற்றைச் சொல்லில் கேட்பவருக்கு இந்த வீடியோ விடை தராது; இரண்டும் ஒரே துணியால் ஆனவை என்பதை உடலால் செய்து காட்டுகிறது. இவ்வளவு எளிய செயலில் இவ்வளவு பொருள் அடங்கியிருப்பதே இதன் பெருமை.

மூன்று ஆண்டுகள் கழித்து 1975இல் வந்தது அவருடைய மிகப் புகழ்பெற்ற படைப்பு: ‘நான் ஓர் அமேசான் என்று நம்பிவிடாதீர்கள்’. கொலோன் நகர அருங்காட்சியகத்தில் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஸ்டெஃபான் லோக்னர் தீட்டிய ‘ரோஜாத் தோட்டத்து மரியாள்’ இருக்கிறது. தங்கப் பின்னணியில், ரோஜாப் பந்தலின் அடியில், குனிந்த கண்களோடு அமர்ந்திருக்கும் அந்த இளம் தாய், ஜெர்மன் வீடுகளில் படங்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் பரவியிருக்கும் முகம். அந்த முகத்தின் பிரதியை இலக்காக நிறுத்தி ரோசன்பாக் வில்லெடுத்து 15 அம்புகள் எய்தார். ஒரு கேமரா அம்பெய்பவரின் முகத்தை நேர் எதிரிலிருந்து பிடிக்க, இன்னொன்று மரியாளின் முகத்தைப் பிடிக்க, இரண்டு பிம்பங்களும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. குறி பார்க்கும் கண்ணும் தாழ்ந்த கண்ணும் ஒரே முகத்தில் தெரிகின்றன. நாண் தளர்ந்து ஒவ்வோர் அம்பும் வந்து தைக்கும்போது, அது மரியாளின் கன்னத்தில் தைக்கிறதா எய்தவரின் கன்னத்தில் தைக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் புனிதப் படத்தின்மீதான தாக்குதல் என்று மட்டும் படிப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். அமேசான்கள் கிரேக்கப் பழங்கதைகளின் போர்ப் பெண்கள். வில்லை இழுக்கத் தடையாகாதபடி ஒரு மார்பை அகற்றிக்கொண்டவர்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. இடது முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கண்ணகியை அறிந்தவருக்கு, பெண் ஆயுதம் ஏந்த வேண்டுமானால் அவள் உடலின் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்தாக வேண்டும் என்று இரண்டு பண்பாடுகள் தனித்தனியே எண்ணியிருப்பது வியப்பூட்டும். ரோசன்பாக்கின் தலைப்பு அந்தப் பாத்திரத்தையும் மறுத்துவிடுகிறது. அடங்கிய தாயாகவோ ஆவேசமான வீராங்கனையாகவோ மட்டும் பெண்ணை எண்ணிப் பழகியவர்களுக்கு, அவள் இரண்டுமாக இருந்து இரண்டையும் தன்மீதே எய்துகொள்கிறாள் என்பதுதான் அந்தப் பிம்பம் தரும் செய்தி. நூற்றாண்டுகளாகப் பார்த்து வளர்ந்த மரியாளின் முகம் தனக்குள்ளேயே இருப்பதால், அதை எய்யும் அம்பு தன்னையும் துளைக்காமல் போகாது.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது வீனஸ். போட்டிசெல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ ஓவியத்தை ஆளுயரத்துக்குத் தன் உடல்மீது ஒளியாகப் பாய்ச்சி, ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்புமான இறுக்கமான ஆடையோடு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றார். வெள்ளைப் பக்கம் திரும்பும்போது காதல் தெய்வத்தின் உடல் அவர்மீது ஒளிர்கிறது. கறுப்புப் பக்கம் வரும்போது ஒளி விழுங்கப்பட்டு, படம் மறைந்து, ஒரு மனிதரின் நிழலுரு மட்டும் நிற்கிறது. கலிஃபோர்னியாவில் பெண்ணியக் கலையும் வீடியோவும் கற்பித்துத் திரும்பிய அவர், 1976இல் கொலோனில் ‘படைப்புப் பெண்ணியத்துக்கான பள்ளி’யைத் தொடங்கினார், 1989இல் சார்புரூக்கன் கலைக் கல்லூரியில் பேராசிரியரானார்.

இத்தகைய கலைமீது அன்று எழுந்த வலுவான குற்றச்சாட்டு, இது தன்மோகம் என்பது. அமெரிக்க விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் 1976இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேறு கலைஞர்களை முன்வைத்து, வீடியோ கருவியின் இயல்பே கலைஞரைத் தன் பிம்பத்தோடு அடைத்துவைக்கும் கண்ணாடிதான் என்று வாதிட்டார். அவருடைய கூர்மையை மறுக்க முடியாது; ஆனால் ரோசன்பாக்கின் திரையில் தெரிவது அவர் மட்டுமல்ல. அங்கே எப்போதும் இன்னொரு முகம், ஒரு மகள், ஒரு மரியாள், ஒரு வீனஸ் வந்து கலந்துகொண்டே இருக்கிறார்கள். தன் சொந்த வாழ்க்கைக் கதையை அவர் சொல்லவில்லை; தன் உடலைச் சோதனைச்சாலையாக்கி, ஊரார் உடலிலும் நடப்பதைப் பார்க்கிறார். கிராஸின் சொல் இங்கே பொருந்தாது என்றே கொள்ள வேண்டும்.

அதே அகாதெமியில், அதே ஆண்டுகளில், காதரினா ஸீவர்டிங் முற்றிலும் வேறொரு வழியில் சென்றார். பிராகில் பிறந்து, முதலில் மேடை அமைப்பு பயின்று, பிறகு பாய்ஸின் வகுப்புக்கு வந்த அவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் ஒரே பொருளைக் கையாண்டார்: தன் முகம். தொடக்கத்தில் ரயில் நிலையங்களில் காசு போட்டால் நான்கு படம் எடுத்துத் தரும் தானியங்கிப் பெட்டியில் எடுத்த படங்களையே அவர் பயன்படுத்தினார். அடையாள அட்டைக்காக அரசும் அலுவலகமும் கேட்கும் அந்தச் சின்னஞ்சிறு முகத்தை அவர் ஆளுயரத்துக்குப் பெருக்கினார். 1969இன் ‘ஷ்டவுஃபன்பெர்க் தொகுப்பு’ அவ்வாறு எழுந்தது. 16 படங்கள், ஒவ்வொன்றும் 190 சென்டிமீட்டர் உயரம், எல்லாம் செந்நிறம். சோலரைசேஷன் என்னும் முறையில், படம் கழுவப்படும்போதே மீண்டும் ஒளி படச் செய்து வெளிச்சத்தையும் நிழலையும் இடம் மாற்றியதால், அந்த முகம் உலோகம்போலவும் தழல்போலவும் தெரிகிறது. 1944இல் ஹிட்லரைக் கொல்ல முயன்று சுட்டுக் கொல்லப்பட்ட ராணுவ அதிகாரியின் பெயரை, ஒரு பெண் தன் முகத்துக்குச் சூட்டியிருக்கிறார். நாட்டின் அண்மைக்கால வரலாற்றின் முன் ஒவ்வொருவரும் எந்த முகத்தோடு நிற்பது என்ற கேள்வி அதில் இருக்கிறது.

1973, 74இல் உருவான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ தொகுப்பில், தன் முகத்தையும் தன் துணைவரான கலைஞர் கிளாவுஸ் மெட்டிக்கின் முகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார். எது பெண், எது ஆண் என்று அந்த முகங்களில் கோடு கிழிக்க முடியாது. பெண்மையை ஆராயப் புறப்பட்ட ஒருவர் பெண்மை தொடங்கும் இடத்தையே காணாமல் அடித்துவிட்டார் என்பது முதல் பார்வையில் முரணாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே அவர் கண்டடைந்தது. அதே காலத்தில், முகம் முழுதும் பொன்துகள் பூசிக்கொண்டு ‘நள்ளிரவில் சூரியனைப் பார்த்தல்’ என்ற படத் தொகுப்பை அவர் உருவாக்கினார். பொன் பூசிய ஆசிரியரின் தலை 1965இல் முயலோடு பேசியது என்றால், பொன் பூசிய மாணவியின் முகம் எவரோடும் பேசவில்லை. சிலைபோல நம்மைப் பார்க்கிறது. கருவறையில் சந்தனக்காப்பும் தங்கக் கவசமும் சாத்திய முகத்தின் முன் நின்று பழகியவர்கள், அந்தப் பார்வையின் கனத்தைச் சட்டென்று உணர்வார்கள்.

பாய்ஸின் இன்னொரு மாணவியான உர்சுலா ராய்ட்டர் கிறிஸ்டியான்சன் டென்மார்க்கில் குடியேறி, 1971இல் ‘மரண தண்டனையை நிறைவேற்றுபவர்’ என்று பொருள்படும் தலைப்பில் எடுத்த திரைப்படத்தில் தானே முதன்மைப் பாத்திரமாக நடித்தார். அது தனியே எழுத வேண்டிய கதை.

இந்தியாவில் இந்தத் தேடலுக்கு மிக அருகில் நிற்பவர் பெங்களூரின் புஷ்பமாலா. 2000 முதல் 2004 வரை, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘தென்னிந்தியப் பெண்கள்’ பற்றிய படத்தொகுப்பில், ரவி வர்மாவின் இலட்சுமியாகவும், வேளாங்கண்ணி மாதாவாகவும், காலனிய மானுடவியலாளர்கள் அளந்து படமெடுத்த பழங்குடிப் பெண்ணாகவும், தமிழ்ப் படமொன்றில் சாட்டை சுழற்றும் ஜெயலலிதாவாகவும் தானே வேடமிட்டு நின்றார். பூசையறை நாட்காட்டியும் சினிமாச் சுவரொட்டியும் ஆராய்ச்சிக் கோப்பும் பெண்ணுக்கு அளித்த உருவங்களை ஒரே உடல் வரிசையாக உடுத்திக் கழற்றும்போது, அவை எல்லாமே உடைகள்தாம் என்பது தெரிந்துவிடுகிறது. கொலோன் மரியாளை நோக்கி அம்பெய்தவரும் வேளாங்கண்ணி மாதாவாக நின்றவரும் ஒரே கேள்வியின் இரு கரைகளில் இருக்கிறார்கள்; ஒருவர் பிம்பத்தைத் துளைக்கிறார், மற்றவர் அதற்குள் புகுந்துகொள்கிறார்.

சென்னையில் சந்திரலேகா பரதநாட்டியத்தின் அலங்காரங்களைக் களைந்து, களரியையும் யோகத்தையும் சேர்த்து, உடலின் ஆற்றலையே நடனத்தின் பொருளாக்கினார். 2001இல் அவர் அமைத்த ‘சரீரா’ அவருடைய இறுதிப் படைப்பு. 1984இல் மும்பையில் ஜெர்மனியின் மாக்ஸ் முல்லர் பவன் முன்னின்று நடத்திய கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பில் அவர் மேடைக்குத் திரும்பியதும், அங்கே ஜெர்மானிய நடனக் கலைஞர் சூசன்னே லிங்கேவும் இருந்ததும் இந்தத் தேடலுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதைக் காட்டும். கவிதையில் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேயுருவம் வேண்டிப் பெற்று, தசை வற்றி எலும்பு தெரிய நிற்கும் காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியை வணங்கும் மொழியில், உடலுக்கும் உண்மைக்கும் ‘மெய்’ என்று ஒரே சொல் வழங்கும் மொழியில், ஒரு பெண் தன் உடலின் உறுப்பைத் தலைப்பாக்கியதற்கு அத்தனை கோபம் எழுந்தது என்பது வருத்தத்துக்குரியது.

டுசல்டோர்ஃபில் இன்று இந்தக் கலைக்கு வீடுகள் உண்டு. பழைய மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் இயங்கும் கே21 அருங்காட்சியகம் 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை ஸீவர்டிங்கின் பெரும் கண்காட்சியை நடத்தியது. 2007இல் திறக்கப்பட்ட ஜூலியா ஷ்டோஷெக் சேகரிப்பு, வீடியோவுக்கும் நிகழ்த்துகலைக்குமே உரியது. 2006இல் தொடங்கப்பட்ட இமாய் என்னும் நிறுவனம் வீடியோ கலைப் படைப்புகளைப் பாதுகாத்து வருகிறது. அது எளிய வேலை அல்ல. 1970களின் வீடியோ, பிளாஸ்டிக் நாடாவில் பசையால் ஒட்டிய காந்தத் துகள்களில் இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. அப்படியே ஓடவிட்டால் துகள்கள் உரிந்து படமே போய்விடும். பாதுகாவலர்கள் அத்தகைய நாடாவை மிதமான சூட்டில் மணிக்கணக்காக வாட்டி எடுத்து, அது ஓடக்கூடிய குறுகிய காலத்துக்குள் கணினிக்கு மாற்றுகிறார்கள். நாடா ஓடும்போது கறுப்பு வெள்ளைக் கோடுகள் முதலில் நடுங்குகின்றன. பிறகு நிலைபெற்று, வில்லை இழுத்துப் பிடித்த ஒரு பெண்ணின் முகமும் அதன்மேல் படிந்த இன்னொரு முகமும் திரும்பி வருகின்றன.